மார்க்கை ஊரோடு சேர்த்துப் படியுங்கள்

2024ல் பத்தாம் வகுப்பு முடிவு வந்தபோது தேர்ச்சி விகிதத்தில் அரியலூர் முதல் மாவட்டம், 97.31 சதவீதம். வேலூர் கடைசி, 82.07. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2022ல், பிளஸ் டூவிலும் நாங்கள்தான் கடைசி. இந்தப் பட்டியல் வரும்போதெல்லாம் வெளியூர் சொந்தக்காரர்கள் போன் செய்து கேட்பார்கள், சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியும் வி.ஐ.டி. பல்கலைக்கழகமும் இருக்கிற ஊரில் பிள்ளைகள் ஏன் பாஸ் கூட ஆக மாட்டேன் என்கிறார்கள் என்று. நியாயமான கேள்விதான். நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் இடம் கேட்டு வருகிற கல்லூரிகள் ஒரு பக்கம். அதே மாவட்டத்தில் பேரணாம்பட்டிலும் ஒடுகத்தூரிலும் அணைக்கட்டுப் பக்கமும் பத்தாவதோடு நின்றுவிடுகிற பிள்ளைகள் இன்னொரு பக்கம்.

நான் குடியாத்தம் பக்கத்தில் ஒரு அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினொன்று, பன்னிரண்டு எடுக்கிறேன். மார்க், கட்-ஆஃப், பெரிய கல்லூரி, இந்த மூன்றையும் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்ததை இங்கே எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: ஒரு மார்க்கை அது வந்த பள்ளியோடும் ஊரோடும் சேர்த்துப் படித்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு. தனியாக எடுத்து வரிசை கட்டினால் அது பாதிப் பொய்.

முதலில் எங்கள் மார்க் எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். பிளஸ் டூ கணக்குத் தாள் 90 மார்க், இன்டர்னல் 10. தாளில் 20 ஒரு மார்க் கேள்வி, அப்புறம் இரண்டு மார்க் ஏழு, மூன்று மார்க் ஏழு, கடைசியில் ஐந்து மார்க் ஏழு. ஒரு மார்க்கில் பெரும்பாலானது புக் பேக் கேள்வி, விடையை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள். ஐந்து மார்க்கிலும் எடுத்துக்காட்டுக் கணக்குகளை வரி மாறாமல் போடலாம். மிச்சம் இருப்பது 30வது கேள்வியும் 40வது கேள்வியும். இரண்டும் கட்டாய வினா, அதிலும் பல தடவை புத்தகத்தில் அப்படியே இல்லாத கணக்காக வரும். எங்கள் வட்டாரத்தில் சென்டம் போவது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்வியும் சேர்ந்த ஐந்து மார்க்கில்தான். என்னைக் கேட்டால் ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருமா வராதா என்று தெரிந்துகொள்ள அந்த இரண்டு விடையை மட்டும் பார்த்தால் போதும். தப்பாகப் போட்டிருந்தாலும் எந்த இடத்தில் முட்டி நின்றிருக்கிறது, அங்கிருந்து வேறு வழி தேடியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் மார்க் ஷீட்டில் அது தெரியாது. 95 என்று மட்டும்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம் பதினொன்றாம் வகுப்பு. பல தனியார் உறைவிடப் பள்ளிகளில் பதினொன்று என்ற வகுப்பே பெயருக்குத்தான் நடந்தது என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். சேர்ந்த நாளிலிருந்து பிளஸ் டூ பாடம், இரண்டு வருடம் ஒரே புத்தகம், தினமும் ஸ்லிப் டெஸ்ட். இதை நிறுத்தத்தான் 2017-18ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். மொத்த மார்க் 1200 போய் 600 வந்தது. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று அறிவிப்பதும் அதே சமயத்தில் நின்றது. நல்ல முடிவுகள். ஆனால் இரண்டு வருட மார்க்கையும் சேர்த்துப் பார்ப்போம் என்று முதலில் சொன்னவர்கள் 2018ல் கல்லூரிச் சேர்க்கைக்குப் பிளஸ் டூ மட்டும் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். 2025ல் மாநிலக் கல்விக் கொள்கை வந்ததோடு பதினொன்றின் பொதுத்தேர்வும் போய்விட்டது. பிள்ளைகள் மேல் பாரம் குறைகிறது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்களைப் போன்ற பள்ளிகளில் பதினொன்றை ஒழுங்காக நடத்துகிற டீச்சருக்கு இருந்த ஒரே பிடி அதுதான். ஜே.இ.இ., நீட் இரண்டிலும் பாதிக்குப் பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம். அதை விட்டுவிட்டு வாங்குகிற 590, பிள்ளை கல்லூரியில் முதல் செமஸ்டரில் கால்குலஸ் வகுப்பில் உட்காரும்போதுதான் எவ்வளவு மெல்லியது என்று தெரியும்.

ஆக 571 என்று ஒரு மார்க் வந்தால் அது என்ன மார்க்? இரண்டு வருடம் ஹாஸ்டலில் பூட்டிப் படித்து வந்த 571 உண்டு. இயற்பியலுக்கு ஆசிரியரே பாதி வருடம் இல்லாமல், பக்கத்துப் பள்ளி சார் சனிக்கிழமை வந்து நடத்திவிட்டுப் போனதை வைத்து வந்த 571ம் உண்டு. கவுன்சலிங் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்று.

மேலே போகப் போக இந்தச் சிக்கல் இன்னும் பெரிதாகிறது. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான கட்-ஆஃப் 200க்கு, கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஒரே கட்-ஆஃபில் நிறையப் பேர் வந்து நின்றால் முதலில் கணக்கு மார்க், அப்புறம் இயற்பியல், அப்புறம் நான்காவது பாடம், அப்புறம் மொத்த மார்க், பத்தாம் வகுப்பு மார்க், அதிலும் பிரியவில்லை என்றால் பிறந்த தேதி, கடைசியில் ரேண்டம் எண். வயதில் மூத்த பிள்ளைக்கு முன்னுரிமை, அதுவும் சமமானால் குலுக்கல். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, எங்காவது பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் 199.5க்கும் 199க்கும் நடுவில் ஏதோ திறமை வித்தியாசம் இருக்கிறது என்று நம்பி வீட்டில் அழுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. 2021ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் சில படிப்புகளுக்கு கட்-ஆஃப் 100 சதவீதம். அடுத்த வருடமே பொது நுழைவுத்தேர்வு கொண்டுவந்தார்கள். நுழைவுத்தேர்வு வந்தால் மட்டும் தீர்ந்துவிடுமா? 2024 நீட்டில் முதலில் வந்த பட்டியலில் 67 பேர் 720க்கு 720. பிறகு திருத்தித் திருத்தி 17 பேர் ஆனது.

அமெரிக்காவில் இன்னும் மோசம். சேர்க்கை முறையை எதிர்த்து ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேல் போடப்பட்ட வழக்கில் 2019ல் வந்த மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வருடச் சேர்க்கைக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் சுமார் 26,000 விண்ணப்பம். அதில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் பள்ளியில் முழு மதிப்பெண் சராசரி வைத்திருந்தவர்கள், சுமார் 3,500 பேர் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் கணக்கில் முழு மார்க். இடமோ 2,000க்கும் கீழே. எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் என்று ஆன பிறகு நூறு எதையும் சொல்வதில்லை. அங்கே வேறு எதையாவது பார்த்துத்தான் எடுக்க வேண்டும், எடுக்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கிறது.

மார்க்கை அதன் இடத்தோடு சேர்த்துப் படிப்பது ஏதோ புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2007ல் தமிழ்நாடு நுழைவுத்தேர்வை ஒழித்தபோது வெவ்வேறு போர்டு மார்க்கைச் சமப்படுத்த ஒரு முறை எழுதினார்கள். மாநிலப் போர்டில் இயற்பியலில் அதிகபட்சம் 100, வேறு போர்டில் அதிகபட்சம் 90 என்றால் அந்த 90ஐ 100ஆக எடுத்துக்கொள்வது. அந்தப் போர்டில் 60 வாங்கிய பிள்ளைக்கு 66.66. அதாவது, உன் போர்டில் முதலாக வந்தவர் எவ்வளவு எடுத்தார் என்று பார்த்து உன் மார்க்கை எடை போடுகிறார்கள். ஐ.ஐ.டி.யிலும் அப்படித்தான்: பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், இல்லையென்றால் உன் போர்டில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருந்தால் போதும் என்று விதி. போர்டுக்குப் போர்டு வித்தியாசம் உண்டு என்று ஒத்துக்கொள்கிற நாம், ஒரே போர்டுக்குள் பள்ளிக்குப் பள்ளி இருக்கிற வித்தியாசத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுகிறோம்.

டெக்சஸ் மாநிலம் அதைத் தாண்டவில்லை. 1997ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மாநிலத்தில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி, வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். எல்லைக் கிராமத்துப் பள்ளியும் ஹூஸ்டன் பணக்காரப் பள்ளியும் அந்த விதிக்கு முன்னால் ஒன்று. ஆஸ்டின் வளாகத்தில் கூட்டம் தாங்காமல் பிற்பாடு அங்கே மட்டும் வரம்பைக் குறைத்தார்கள், ஆனால் அடிப்படை மாறவில்லை. நல்ல பள்ளியில் பதினைந்தாவதாக வரும் பிள்ளைக்கு அநியாயம் என்று அங்கும் சண்டை உண்டு. அந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

அவ்வளவு தூரம் போவானேன், காட்பாடி ரோட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. வி.ஐ.டி.யில் ஸ்டார்ஸ் என்று ஒரு திட்டம். மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று கிராமப்புற அரசுப் பள்ளியில் பிளஸ் டூவில் முதலிடம் வந்தவர்களை எடுத்து, கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்கிறது. பணம் கட்டிப் படிக்கிறவர்கள் நிறைந்த கல்லூரி அது, அங்கே இந்த இடங்கள் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் கணக்கு சரியாக இருக்கிறது: அந்த மாவட்டத்துக்குள், அந்த மாதிரிப் பள்ளிகளுக்குள் யார் முதலில் என்று பார்க்கிறது.

மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இடமும் அதே கணக்கு. 2020க்கு முந்தைய வருடங்களில் நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020ல் உள் ஒதுக்கீடு வந்த முதல் வருடமே 300க்கு மேல் சேர்ந்தார்கள். அந்த 300 பேரும் முந்தைய வருடம் முட்டாள்களாக இருந்து ஒரே வருடத்தில் புத்திசாலி ஆகவில்லை. அவர்கள் மார்க்கைப் படித்த விதம்தான் மாறியது.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு, பொதுவில் சொல்லியே ஆக வேண்டும். 7.5 சதவீதம் அரசுப் பள்ளிக்கு மட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. 2022ல் உயர் நீதிமன்றமும் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. வட ஆற்காட்டில் நூறு வருடத்துக்கு மேல் பழைய மிஷன் பள்ளிகள் எத்தனை இருக்கின்றன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அங்கே படிக்கிறவர்கள் யார்? பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள், தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர் பிள்ளைகள், கைலி நெய்கிறவர் பிள்ளைகள். அதே மதிய உணவு, அதே இலவசப் புத்தகம், அதே சைக்கிள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் சேர்ந்த தங்கைக்கு உண்டு, இந்தப் பக்கம் சேர்ந்த அக்காவுக்கு இல்லை. ஊரோடு சேர்த்துப் படி என்று கேட்டால் பெயர்ப் பலகையை மட்டும் படித்த மாதிரி ஆகிவிட்டது. கோடு எங்காவது போட வேண்டும் என்று சொல்வார்கள். போடுங்கள், ஆனால் வருமானம், அம்மா அப்பா படிப்பு, பள்ளியில் எத்தனை பணியிடம் காலி, இதையெல்லாம் பார்த்துப் போடலாமே. டெல்லி ஜே.என்.யூ.வில் பின்தங்கிய மாவட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் புள்ளி கொடுத்தார்கள். மாவட்டத்தையே கணக்கில் எடுக்க முடிந்தது என்றால் பள்ளியை எடுக்க முடியாதா?

சரி, இதெல்லாம் சட்டம், கொள்கை. ஒரு பிள்ளைக்கு இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

சில வருடம் முன்பு என் வகுப்பில் ஒரு பெண். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பா இல்லை. கணக்கில் நல்ல சூட்டிகை, ஆனால் சத்தம் இல்லாத பிள்ளை. ஒரு அறக்கட்டளைக்காரர்கள் பள்ளிக்கு வந்து வெளிநாட்டுக் கல்லூரிகளில் முழு உதவித்தொகையோடு படிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சில இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக்கூட குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமலேயே சேர்க்கை முடிவு செய்வார்கள், சேர்ந்த பிறகு தேவையான பணத்தை அவர்களே கொடுப்பார்கள். இது உண்மை. எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத உண்மை. இவள் விண்ணப்பிக்கிறேன் என்றாள்.

அப்போதுதான் பள்ளி அறிக்கை என்று ஒரு படிவம் வந்தது. பிள்ளை நிரப்புவது இல்லை, பள்ளி நிரப்ப வேண்டும். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருட மார்க் வேண்டும். வகுப்பில் எத்தனை பேர், இவள் எத்தனையாவது, உங்கள் பள்ளியிலிருந்து எத்தனை சதவீதம் பேர் நான்கு வருடப் பட்டப்படிப்புக்குப் போகிறார்கள், பள்ளியில் கிடைக்கிற பாடங்களிலேயே கடினமானதை இவள் எடுத்திருக்கிறாளா, இப்படிப் போகிறது. ஒவ்வொரு கேள்வியும், இந்த மார்க் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறது.

ஒன்பதாவது மார்க்குக்கு ஆபீஸ் ரூம் பீரோவைத் திறந்தோம். நம் ஊரில் ஒன்பதாவது மார்க்கை யார் மதிப்பார்கள்? எழுத்தர் அக்கா பதிவேடு பதிவேடாக எடுத்துத் தூசி தட்டிக் கடைசியில் கண்டுபிடித்தார். பச்சை அட்டை, ஓரமெல்லாம் கரையான். கால் பரீட்சையில் கணக்கு 41. அரைப் பரீட்சையில் வரவே இல்லை, "ஆப்சென்ட்" என்று சிவப்பு மையில். முழுப் பரீட்சையில் 68. பத்தாவதில் 89. பிளஸ் ஒன்னில் 93. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் அவள் ஒன்பதாவது படித்த வருடம் அப்பா இறந்ததும், அந்த வருடம் பாதி நாள் அவளும் பீடிக்கு உட்கார்ந்ததும் தெரியவந்தது. அவளாகச் சொல்லவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அந்த வருசம் ஸ்கூலுக்கு எங்க மிஸ் வந்துச்சு, என்கூட இலை வெட்டினு கீது" என்றார்.

அடுத்த சிக்கல் அரையாண்டு. அமெரிக்க விண்ணப்பம் பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்தில் முடிந்துவிடும், நம் பொதுத்தேர்வு மார்ச்சில். ஆக அவர்கள் கையில் இருப்பது காலாண்டு, அரையாண்டு மார்க். நம் பள்ளிகளில் அரையாண்டை எப்படித் திருத்துவார்கள் என்று தெரியுமில்லையா? கம்மியாகப் போட்டால்தான் பயந்து படிப்பார்கள் என்று இழுத்துப் பிடித்துத் திருத்துவது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம். அரையாண்டில் 78 வாங்கிய பிள்ளை பொதுத்தேர்வில் 96 வாங்கும். இது நமக்குத் தெரியும், பாஸ்டனில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? மும்பையில் சர்வதேசப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு இந்த வேலைக்கென்றே ஒரு கவுன்சலர் இருக்கிறார். எங்களுக்கு நானும் ஹெச்.எம்.மும்தான்.

சிபாரிசுக் கடிதத்தில் நான் எழுதியது இதுதான், பெரிய இங்கிலீஷ் எதுவும் இல்லை. இந்தப் பள்ளியில் அரையாண்டுக் கணக்கில் 75க்கு மேல் வாங்கியவர் இவள் ஒருத்திதான். இரண்டாவது ஆள் 61. இயற்பியலுக்கு ஆசிரியர் வந்தது நவம்பரில். ஒன்பதாம் வகுப்பில் ஆப்சென்ட் ஆனதற்குக் காரணம் இது. அப்புறம் ஒரு கணக்கு. வரிசை மாற்றங்கள் நடத்தும்போது ஒரு வட்ட மேசையில் ஆட்களை உட்கார வைக்கிற கணக்கைப் புத்தகத்தில் இருப்பது மாதிரி போர்டில் போட்டேன். அவள் மறுநாள் காலை வந்து, மிஸ், மேசையைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும், வளையல் மாதிரி என்றாள். கையிலிருந்து கண்ணாடி வளையலைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். விடை பாதியாகும் என்று அவளே கண்டுபிடித்திருந்தாள். அந்த வகை மாலைக் கணக்கை அவள் அதுவரை பார்க்கவில்லை. இதை அப்படியே எழுதினேன். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவள் என்று எல்லோரும் எழுதுவதை எழுதவில்லை.

வெளிநாட்டுக் கல்லூரி அவளை எடுக்கவில்லை. காத்திருப்போர் பட்டியலில் வைத்து, கடைசியில் இல்லை என்றார்கள். ஆனால் அதே கடிதத்தையும் அதே பதிவேட்டு நகலையும் பெங்களூரில் ஒரு கல்லூரிக்கும் அனுப்பியிருந்தோம். அங்கே நேர்காணலில் அவளிடம் முதலில் கேட்டதே அந்த 41ஐப் பற்றித்தானாம். 41லிருந்து 93க்கு எப்படி வந்தாய் என்று. முழு உதவித்தொகையோடு எடுத்தார்கள். பொதுத்தேர்வில் அவள் வாங்கியது 571. எங்கள் பள்ளியில் அந்த வருடம் அதுதான் முதல் மார்க். வேலூர் டவுனில் பெரிய பள்ளிகளின் ஃபிளெக்ஸில் அந்த மார்க்குக்குப் போட்டோ கூட வராது.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். எஸ்.ஏ.டி. மார்க் விருப்பம் இருந்தால் அனுப்பினால் போதும் என்று கொரோனா காலத்தில் பல அமெரிக்கக் கல்லூரிகள் சொன்னதல்லவா, அதில் டார்ட்மவுத் கல்லூரி 2024 பிப்ரவரியில் திரும்பக் கட்டாயம் ஆக்கியது. காரணமாக அவர்கள் சொன்னது என் மனதில் பதிந்துவிட்டது. வசதியில்லாத பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் தங்கள் மார்க் குறைவு என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பள்ளியில் மற்றவர்கள் எடுப்பதோடு ஒப்பிட்டால் அது மிக நல்ல மார்க், அனுப்பியிருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும். எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான். தன் மார்க் நல்ல மார்க் என்று அவர்களுக்குத் தெரிவதே இல்லை, ஏனென்றால் பஸ் ஸ்டாண்டில் தொங்குகிற ஃபிளெக்ஸோடுதான் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். எம்.ஐ.டி.யும் 2022லேயே தேர்வைத் திரும்பக் கொண்டுவந்தது. மார்க்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன். மார்க் வேண்டும். மார்க் இல்லாமல் வெறும் கட்டுரையையும் பேச்சையும் பார்த்து எடுத்தால் அதில் ஜெயிப்பது யார் என்பதும் தெரிந்ததுதான். 2023ல் ராஜ் செட்டியும் கூட இருந்த பொருளாதார ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், ஒரே எஸ்.ஏ.டி. மார்க் வைத்திருக்கிற பிள்ளைகளில் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட மேல்தட்டு 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை அந்தப் பெரிய கல்லூரிகளில் சேர்வதற்கு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று வந்தது. பழைய மாணவர் பிள்ளை என்ற சலுகை, விளையாட்டு, பள்ளி கொடுக்கிற சான்றுகள், இதெல்லாம் காரணம். அதாவது மார்க்கைத் தாண்டிப் பார்க்கிறோம் என்ற பெயரில் பணக்காரப் பிள்ளையின் சுற்றுப்புறத்தைப் படிக்கிறார்கள், ஏழைப் பிள்ளையின் சுற்றுப்புறத்தை எழுதி அனுப்ப ஆள் இல்லை.

சி.எம்.சி.யைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1899ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு இங்கே வந்து ஆரம்பித்த இடம். 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1947லிருந்து ஆண்களும். நீட் வருவதற்கு முன்னால் அவர்கள் பிள்ளைகளை எடுத்த விதம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. அதில் தேறியவர்களைப் பாகாயம் வளாகத்துக்குக் கூப்பிட்டு மூன்று நாள் வைத்திருப்பார்கள். குழுவாக வேலை கொடுப்பார்கள், கையால் செய்கிற வேலை கொடுப்பார்கள், பேசுவார்கள். நிறைய இடங்கள் திருச்சபைகள் அனுப்பி வைக்கிற பிள்ளைகளுக்கு, படித்து முடித்ததும் ஏதாவது ஒரு கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. பிள்ளை எங்கிருந்து வருகிறது, படித்துவிட்டு எங்கே போகும், இரண்டையும் கேட்ட சேர்க்கை முறை அது. 2017ல் நீட்டை ஏற்க மாட்டோம் என்று 100 எம்.பி.பி.எஸ். இடத்தில் ஒரே ஒருவரை மட்டும் சேர்த்துவிட்டு நீதிமன்றம் போனார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நேர்காணலில் பாரபட்சம் வராதா என்று கேட்பார்கள். வரலாம். பணம் வாங்கிக்கொண்டு இடம் விற்ற கல்லூரிகள் நாட்டில் எத்தனையோ இருந்தன, நீட் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரு முறையும் அதோடு சேர்ந்து போனது. மூன்று நாள் பார்த்து எடுத்த இடத்தில் இப்போது மூன்று மணி நேரத் தாளின் ரேங்க் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது பெரிய நஷ்டமாகத்தான் படுகிறது.

கொள்கையை மாற்றுவது என் கையில் இல்லை. பள்ளியில் செய்ய முடிந்ததைச் செய்கிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லாப் பரீட்சை மார்க்கையும் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறோம், வகுப்பு சராசரியோடு சேர்த்து. 2021ல் கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்காமல் பத்தாவதுக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டுக்கு 30 என்று பங்கு போட்டு மார்க் கொடுத்தார்கள். பழைய மார்க் என்றாவது தேவைப்படும் என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அரையாண்டைத் திருத்தும்போது பயமுறுத்துவதற்காக மார்க்கைக் குறைக்கக் கூடாது என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். பள்ளியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறோம்: எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் வீட்டில் முதல் பட்டதாரி, எந்தப் பணியிடம் எத்தனை மாதம் காலி, கடந்த சில வருடம் முதல் மார்க் என்ன. எந்தக் கல்லூரி கேட்டாலும் பிள்ளையின் மார்க் ஷீட்டோடு அந்தப் பக்கமும் போகும். மற்ற பள்ளி டீச்சர்கள் கேட்டால் மாதிரி அனுப்பத் தயார்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி ஐந்து மார்க்குக்காகப் பிள்ளையைப் பதினொன்றிலேயே பிளஸ் டூ புத்தகத்தில் உட்கார வைக்கிற பள்ளிக்கு அனுப்பாதீர்கள். அந்த ஐந்து மார்க் 200 கட்-ஆஃபில் உங்களை ஒரு கல்லூரி மேலே தள்ளலாம். பதினொன்றை விட்டதால் போகிறது அதைவிட ஜாஸ்தி. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்த பிள்ளை ஐ.ஐ.டி. மாதிரி இடத்தில் சேர்ந்தால் பட்டப்படிப்புச் செலவை மாநில அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு 2022லேயே வந்திருக்கிறது. பணம் இல்லை என்று விண்ணப்பிக்காமல் இருக்காதீர்கள்.

இந்த வருடம் என் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான், பேரணாம்பட்டுப் பக்கம். தமிழிலும் இங்கிலீஷிலும் சுமார்தான், மொத்த மார்க் 500ஐத் தொட்டால் பெரிது. ஆனால் கட்டாய வினாவைப் பார்த்தால் முதலில் அதைத்தான் போடுகிறான். சிறுசேரியில் இருக்கிற சென்னைக் கணிதக் கழகம் தன் சொந்த நுழைவுத்தேர்வு வைத்துத்தான் எடுக்கிறது, அந்தத் தாளில் நிரூபித்துக் காட்டச் சொல்கிற கேள்விகள் வரும். பழைய தாள்களைப் பிரின்ட் எடுத்து சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து போடுகிறோம். சில கணக்கு எனக்கே வரவில்லை, அவனுக்கு வருகிறது. தேர்வு மையம் வேலூரில் இல்லையென்றால் முதல் நாளே சென்னைக்குப் போய்த் தங்க வேண்டும். அவன் அப்பா லீவு போட்டுக் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.